தவிட்டுக்குப் போன பிள்ளை

பெத்தவள் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடுவது உலகத்தில் இல்லாத அதிசயமா? குப்பாயியும் பாடத்தான் பாடினாள். அதுக்குப் போய் மாமியார் சொர்ணவல்லி அடுப்படியிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடிவந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் இதென்னடி கூத்து என்று கேட்டாள். திருக்கோகர்ணத்தில் கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் வீடு. ஒரு வீட்டில் தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். பாட்டு எல்லார் காதிலும் விழுந்திருக்குமே என்று அவளுக்குப் பதற்றம்.

பாட்டு அப்படி.

ஆராரோ ஆரிரரோ – இது
ஆரு பெத்த பிள்ளையிதோ
குப்பையில கெடந்த பிள்ளை – ஒரு
கோழி சீச்சுப் போட்ட பிள்ளை
கறுத்த பிள்ளை காய்ஞ்ச பிள்ளை – இது
காக்கா தூக்கிப் போட்ட பிள்ளை
எடுக்க வந்த மவராசா – இது
எதுக்கும் தேறாது போயிருய்யா
எம்பிள்ளையா இருந்தாக்கா – நான்
ஏணை கட்டிப் போடமாட்டனா

மடியில் கிடந்தவனுக்கு வயசு ஆறு மாசம். பேர் மட்டும் பெரியண்ணன். அவன் பாட்டுக்கு விரலைச் சூப்பிக்கொண்டு கண் சொருகிக்கொண்டிருந்தான். சொர்ணவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். எமனைக் கூப்பிட்டு வழி சொல்கிற பாட்டை எந்தத் தாயாவது பாடுவாளா, பக்கத்து வீட்டில் மாமன் சீரும் அத்தை கொலுசும் வச்சு எவ்வளவு பாந்தமாகப் பாடுகிறார்கள், அதில் ஒன்றைப் பாடக்கூடாதா என்றாள். குப்பாயி பாடிப் பார்த்தாள். ரெண்டாவது அடி வரவில்லை. மாமன் பாதியில் நின்றான். பிள்ளை வீறிட்டு அழுதான். கடைசியில் பழைய பாட்டையே வாய்க்குள் முனகித் தூங்கவைத்தாள். அவளுக்கு அது ஒன்றுதான் தெரியும். அவள் கேட்டு வளர்ந்தது அது ஒன்றைத்தான்.

நம்மளையெல்லாம் சின்னதில், ஒன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று சொல்லிக் கேலி பண்ணி அழவைத்திருப்பார்கள். குப்பாயிக்கு அது கேலி இல்லை. அவளை நெசமாகவே தவிட்டுக்குத்தான் விற்றார்கள்.

அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோவில் போகிற ரோட்டில் இறங்கி, கண்மாய்க்கரை மேலேயே நடந்தால் வருகிற ஊர் அவளுக்கு. அவளைப் பெத்தவள் அமராவதி. குப்பாயிக்கு முன்னால் நாலு பெத்தாள். நாலும் நடை பழகுவதற்கு முன்னாலேயே போய்விட்டன. அஞ்சாவது வயிற்றில் இருக்கும்போதே ஊர்ப் பொம்பளைகள் கூடிப் பேசி முடிவு பண்ணிவிட்டார்கள். பிள்ளை விழுந்ததும் குப்பைமேட்டில் ஒரு புரட்டு. குப்பாயி என்று பேர். அப்புறம், பெத்த பிள்ளை ஒன்றுகூடத் தவறாத ஒருத்திக்கு விற்றுவிட வேண்டியது. அப்படி ஒரு புண்ணியவதி அந்த ஊரில் ஒருத்திதான் இருந்தாள். மாதா கோயில் தெரு சந்தனமேரி. அஞ்சும் ஆம்பளைப் பிள்ளைகள், அஞ்சும் கல்லுக்குண்டு மாதிரி. வேதக்காரியாய் இருந்தால் என்ன, சாவு சாதி பார்த்தா வருது என்று சந்தனமேரியே ஒரு முறம் தவிட்டோடு வந்தாள். அமராவதி வாசலில் கொட்டினாள். பிள்ளையை அள்ளிக்கொண்டு தன் வீட்டு நடை தாண்டிப் போனாள். அப்புறம் திரும்பி வந்து, எம் பிள்ளைக்குக் கொஞ்சம் பால் குடுத்துப் பார்த்துக்க அமராவதி என்று மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

அவ்வளவுதான் ஏற்பாடு. நாளைக்கு "அது" அமராவதி வீட்டுக்கு வந்து பிள்ளையைக் கேட்டால், இங்கே பிள்ளையே இல்லை, இது அடுத்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம். பிள்ளை வளர்ந்து ஆளானதும், வாங்கினவள் கையிலேயே அதே மாதிரி ஒரு முறம் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும். மீட்கிற வரைக்கும் பெத்தவள் வாயிலிருந்து "மகளே" என்ற சொல் வரக்கூடாது. பிள்ளையும் அவளை ஆத்தா என்று கூப்பிடக்கூடாது. சந்தனமேரிதான் ஆத்தா. அமராவதியை ஊர்ச் சிறுசுகள் அக்கா என்று கூப்பிட்டன. குப்பாயியும் அக்கா என்றே கூப்பிட்டாள்.

இதையெல்லாம் நம்பாத ஆள் ஒருத்தர் இருந்தார். அவள் அப்பன் ஆண்டியப்பன். குப்பாயி தவழுகிற வயசில், அறந்தாங்கிச் சந்தையில் நாலு பேர் மத்தியில் அவளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு, எம் மகளைப் பாருங்கய்யா என்று வாய் கொள்ளாமல் சொல்லிவிட்டார். அந்த மாசம் ஊரில் வாந்திபேதி. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, மனுசன் போய்விட்டார். வாந்திபேதியில் ஊரில் யார் யாரோ செத்தார்கள். ஆனால் அமராவதியிடம் அதைச் சொல்லி ஜெயிக்க முடியுமா? பிள்ளையைக் கேட்டு வந்தது, பிள்ளை கிடைக்காமல், எம் மகள் என்று வாய்விட்ட ஆளைக் கொண்டுபோய்விட்டது என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். அன்றைக்குப் பிடித்துக்கொண்ட பயம் அவளை விடவே இல்லை.

அதனால் பாட்டு இன்னும் கறாராகப் பாடினாள். சேலையில் ஏணைத் தொட்டில் கட்டவில்லை. சாக்கை மடித்துப் போட்டு அதில்தான் குப்பாயி தூங்கினாள். தலைக்கு எண்ணெய் வைத்தாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டே வைப்பாள். சோற்றைப் பிசைந்து போட்டுவிட்டு, தின்னா தின்னு தின்னாட்டிப் போ என்பாள். ஆனால் பிள்ளை தின்று முடிக்கிற வரைக்கும் இடத்தை விட்டு எந்திரிக்க மாட்டாள். சின்னப் பிள்ளைக்கு இந்தப் பிந்தினது எங்கே புரியும்? முந்தினதுதான் புரிந்தது. பெத்தவளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று குப்பாயி நினைத்தாள்.

பொழுது சாய்ந்தால் அவள் கால் தானாகச் சந்தனமேரி வீட்டுக்குப் போய்விடும். அங்கே படுப்பதற்கு முன்னால் செபம். சந்தனமேரி விளக்கைத் தணித்துவிட்டு அஞ்சு பயல்களையும் வரிசையாய் முட்டிபோட வைப்பாள். "சேசுவே, நாங்க தூங்கப் போறோம். முழிச்சா ஒம்ம வெளிச்சத்துல முழிக்கணும். முழிக்கலைன்னா ஒம்ம மடியில முழிக்கணும்" என்று அவள் சொல்ல, பயல்கள் திருப்பிச் சொல்வார்கள். கடைக்குட்டி இன்னாசிக்கு அந்த "முழிக்கலைன்னா"வைக் கேட்டாலே பயம். தூங்கினால்தானே முழிக்காமல் போக என்று இமையை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு கிடப்பான். குப்பாயிக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. அவள் அதற்கு அடுத்து வருவதற்காகக் காத்துக்கொண்டிருப்பாள். அடுத்து சந்தனமேரி பிள்ளைகள் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லி ஒப்படைப்பாள். கடைசியில், "என் மக குப்பாயி" என்பாள். அதைக் காதில் வாங்கிக்கொண்டு குப்பாயி குடுகுடுவென்று தன் வீட்டுக்கு ஓடிவருவாள். வந்து சாக்கில் படுத்தால் தலைமாட்டில் அந்தப் பாட்டு. அதே சொல்லை இவள் வாயால் ஒரு தடவை கேட்டால் போதும் என்று கண்ணை மூடிக்கொள்வாள்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் முடிந்துபோன நாற்பத்தெட்டாம் வருசம், அவளுக்குப் பதினொரு வயசு இருக்கும், தைரியமாக வாய்விட்டே கேட்டுவிட்டாள். தவிட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு அக்கா, நான் வளர்ந்துட்டேன்ல என்றாள். அமராவதி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஊரில் அம்மை போட்டிருக்கு, இறங்கட்டும் என்றாள். அம்மை இறங்கியது. பெரியமனுசி ஆகட்டும் என்றாள். ஆனாள். கல்யாணம் முடியட்டும் என்றாள். அம்மா தாயே, விதைநெல்லைக் கூட இப்படிப் பொத்திவைத்தால் பூச்சி விழுந்துபோகும் என்று சந்தனமேரியே ஒரு தரம் சிரித்தாள். அமராவதி காதில் வாங்கவில்லை.

கல்யாணமும் நடந்தது. மாப்பிள்ளை நாகராசு பஸ் கண்டக்டர், நல்ல மனுசன். பொண்ணு அனுப்பும்போது எல்லாத் தாயும் "எம் மகளே" என்று கட்டிக்கொண்டு அழுவாள், அன்றைக்காவது வாயில் வராதா என்று குப்பாயி வண்டியில் உட்கார்ந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். அமராவதி சம்பந்தியைப் பார்த்து, "சந்தனமேரி வீட்டுப் பொண்ணு, கொஞ்சம் கோவக்காரி, பாத்து நடத்துங்க" என்றாள். வேறு எதுவும் பேசவில்லை. ஆனால் வண்டி நகரவில்லை. என்னடா என்று பார்த்தால் பின்கட்டையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இன்னாசிதான் போய் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான். முக்காடும் கண்ணீருமாய் இருந்த குப்பாயி இதைப் பார்க்கவில்லை.

அப்புறம் சந்தனமேரி செத்துப்போனாள். நெஞ்சை வலிக்குது என்று உட்கார்ந்தவள்தான், எந்திரிக்கவில்லை. அப்போது குப்பாயிக்கு வயிற்றில் ஆறு மாசம். பிள்ளைத்தாச்சி எழவு வீட்டுக்குப் போகக்கூடாது என்று விடவில்லை. தன்னை மகள் என்று கூப்பிட்ட ஒரே வாயும் மூடிப்போச்சே என்று உள்வீட்டில் படுத்து அழுதாள். பிரசவத்துக்கும் தாய்வீடு போகவில்லை. நாலு பிள்ளை செத்த வீட்டில் பேறுகாலம் வேண்டாம் என்று அமராவதி அடித்துச் சொல்லிவிட்டாள். டவுன் ஆஸ்பத்திரியில் பிறந்தான். பார்க்க வந்த அமராவதி எட்ட நின்று எட்டிப்பார்த்து, கறுத்த பிள்ளையாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். சொர்ணவல்லி அதை இன்றைக்கு வரைக்கும் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறாள்.

இத்தனையும் அந்தத் தாலாட்டுப் பஞ்சாயத்தில் கிளம்பி வந்துவிட்டது. தனக்குக் கிடைக்காதது போகட்டும், தன் மகனும் நாளைக்குச் சாக்கில் படுத்து ஏங்கிக் கிடக்க வேண்டுமா என்று குப்பாயிக்கு ஆத்திரம். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். இங்கே பித்துப் பிடித்து அலைந்தது பிள்ளைதான். மறுநாளே நாகராசு தன் கம்பெனி பஸ்ஸில் அறந்தாங்கிக்கு ஏற்றிவிட்டான். அங்கிருந்து வேறு பஸ் மாறி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்மாய்க்கரையில் நடந்து, உச்சிவெயிலில் வீட்டுக்கு வந்து நின்றாள்.

அமராவதி மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள். வா என்று கேட்கவில்லை. பிள்ளையை ஏன் இந்த வெயிலில் தூக்கி வந்தாய் என்று வைதாள். குப்பாயி சுற்றிவளைக்கவில்லை.

"எம் பிள்ளைக்குப் பாட எனக்கு வேற பாட்டு தெரியலை அக்கா. நீ எனக்குப் பாடினதுதான் வாயில வருது. இவனுக்கு அதைப் பாட மாட்டேன். தவிட்டைக் குடுத்து என்னைத் திருப்பி வாங்கு."

அமராவதி வாளியைக் கீழே வைத்தாள். 

"யாருக்குடி குடுக்க? வாங்கின கை மண்ணுக்குள்ள போயிருச்சே."

அப்போதுதான் குப்பாயிக்கு ஒரு விசயம் தெரிந்தது. சந்தனமேரியைப் புதைக்கிற அன்றைக்கு அமராவதி மடியில் தவிட்டைக் கட்டிக்கொண்டு கல்லறைவரைக்கும் போயிருக்கிறாள். செத்தவள் கையில் கொடுத்தால் செல்லுமா செல்லாதா என்று யாரைக் கேட்பது? கேட்க வேண்டியவளே பெட்டிக்குள் கிடக்கிறாள். மடியை அவிழ்க்காமலே திரும்பி வந்துவிட்டாள். இருபத்தஞ்சு வருசம் அந்தா இந்தா என்று இழுத்தடித்தால் இப்படித்தான். பயந்தவள் செய்கிற தப்பு அது, அவளை எங்கே போய்த் திட்ட?

குப்பாயி விடவில்லை. ஆத்தா போனால் அவள் வயல் யாருக்கு, மகனுக்குத்தானே, அப்படியென்றால் நானும் மகனுக்குத்தான் சேர்த்தி, இன்னாசி அண்ணன் கையில் கொடு என்றாள். அதில் நியாயம் இருக்கிறதா என்று ராத்திரி முழுக்க அமராவதி யோசித்திருப்பாள் போல. விடிந்ததும் உரலடியில் உட்கார்ந்து புதுத் தவிடாகப் புடைத்து, ஒரு முறம் அளந்து நார்ப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு, வா என்றாள்.   மாதா கோயில் தெருவுக்கு ரெண்டு பேரும் போனார்கள்.

இன்னாசி வாசலில் வண்டிச் சக்கரத்தைக் கழற்றி அச்சுக்கு மை போட்டுக்கொண்டிருந்தான். அண்ணன்மார் நாலு பேரும் மலேயா, கொழும்பு என்று போய்விட, ஊரில் மிஞ்சினவன் அவன்தான். தங்கச்சியைக் கண்டதும் முகம் மலர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு மருமகனை வாங்கிக் கொஞ்சினான். வந்த காரியத்தைச் சொன்னதும் விளையாட்டென்று சிரித்தான். விளையாட்டில்லை என்று தெரிந்ததும் பிள்ளையைக் குப்பாயியிடம் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சின்னம்மா, எங்க ஆத்தா சாகுற வரைக்கும் எங்க அஞ்சு பேரோட இவ பேரையும் சொல்லித்தான் செபம் பண்ணுச்சு. இப்ப நான் சொல்றேன். எனக்கு இருக்கிறது ஒத்தத் தங்கச்சி. அவளைத் தவிட்டுக்கு வித்தியாடான்னு எங்க ஆத்தா மேல இருந்து கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? போங்க, போய் வேற வேலையைப் பாருங்க."

குப்பாயி இப்படி ஒரு பதிலை நினைக்கவே இல்லை. செத்தவள் வீட்டில் தன் பேர் இன்னும் ஒவ்வொரு நாளும் சொல்லப்படுகிறது என்று கேட்டதில் கண் நிறைந்துவிட்டது. அதே சமயம், போச்சே, இனிமேல் ஒரு வழியும் இல்லையே என்றும் இருந்தது. விட மாட்டேன் என்கிறவனிடம் பாசம் இருக்கிறது. கேட்டு வந்திருப்பவள் வாயில் அந்தச் சொல் இல்லை. குப்பாயி எந்தப் பக்கம் பேசுவாள்?

அமராவதி கெஞ்சினாள். சாஸ்திரத்துக்குத்தானே கேட்கிறேன், அவள் எப்போதும் ஒனக்குத் தங்கச்சிதான், தொட்டு வாங்கிக்கிறப்பா என்று பெட்டியை அவன் கையில் திணித்தாள். அவன் தள்ளினான். அவள் மறுபடி திணித்தாள். பெட்டி கவிழ்ந்து தவிடு பூராவும் வண்டி மையோடு மண்ணில் கொட்டியது. எங்கிட்டிருந்தோ கோழிகள் ஓடிவந்தன. தெருப் பொம்பளைகளும் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். இன்னாசிக்கு மனசில் வெகுநாளாய்க் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"பெத்துட்டா மட்டும் போதுமா சின்னம்மா? ஒரு நாளாச்சும் மகளேன்னு கூப்பிட்டிருக்கீங்களா? கண்ணாலம் பண்ணி அனுப்பையிலகூடக் கூப்பிடலையே. எங்க ஆத்தா கூப்பிட்டுச்சு. அப்ப அவ எங்க வீட்டுப் பிள்ளைதான். ஒங்களுக்கும் அவளுக்கும் என்ன இருக்கு?"

அமராவதி கவிழ்ந்த பெட்டியைத் தூக்கி அவன் காலடியில் எறிந்தாள்.

"என்ன இருக்கா? எம் பிள்ளைடா அவ. நாலைக் குழியில வச்சுட்டுப் பெத்த பிள்ளைடா. இவ தூங்குனதும் மூக்குல கைய வச்சு மூச்சு இருக்கா மூச்சு இருக்கான்னு விடிய விடிய உக்காந்திருந்தது ஒங்க ஆத்தாளா, நானா? எம் மகடா. எம் வயித்துல பொறந்த எம் மக. ஊரே கேட்டுக்க, இவ எம் மக."

தெரு முழுக்கக் கேட்டது. சொன்னவள் காதுக்கும் அப்போதுதான் கேட்டது. முந்தானையை அள்ளி வாயில் அடைத்துக்கொண்டாள். அடைத்து என்ன செய்ய, வந்தது வந்துவிட்டது. முகத்தில் ரத்தமே இல்லை. ஓடிவந்து குப்பாயியின் நெற்றியைத் தொட்டாள், கழுத்தில் புறங்கையை வைத்தாள், பேரன் வயிற்றைத் தடவினாள், மறுபடி கழுத்துக்கு வந்தாள். அறந்தாங்கிச் சந்தையில் புருசன் வாய்விட்டது அவள் கண்ணில் நின்றது. எங்கிருந்தாவது வருகிறதா என்று தெருவை அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தாள்.  இன்னாசி தலையைக் குனிந்துகொண்டான்.

 குப்பாயி எத்தனை வருசம் காத்துக் கிடந்த சொல். அது தாலாட்டில் வரவில்லை, கல்யாணத்தில் வரவில்லை, கோழிக்கும் தவிட்டுக்கும் நடுவில் தெருச்சண்டையில் வந்துவிட்டது. வந்த வேகத்தில் சரியாகக் கேட்டுக்கொள்ளக்கூட முடியவில்லை. பெத்தவள் கையைத் தன் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகலை ஆத்தா. நல்லாத்தான் இருக்கேன். இன்னொரு தடவை சொல்லு."

அமராவதி சொல்லவில்லை. வாயிலிருந்த முந்தானையை மெல்ல எடுத்தாள். பயம் போன மாதிரியும் தெரியவில்லை. ஆனால் கண்ணை மட்டும் மகள் முகத்தை விட்டு எடுக்கவில்லை.

"நீ இப்ப என்னமோ சொல்லிக் கூப்பிட்டியே" என்றாள். "முதல்ல நீ அதை இன்னொருக்காக் கூப்பிடு."